ரத்தத்தில் ஒரு பூ

சகோதரிகளே, தங்கையின் பிரசவத்துக்காக 2023-ல் ஜப்பான் போய் வந்த கதையை இரண்டு இதழ்களாக எழுதியிருந்தேன். அந்த ஊர்க் கத்தரிக்காயில் எண்ணெய்க் கறி பண்ணிய விஷயத்துக்குத்தான் அதிகக் கடிதங்கள்! ஆனால் ஒன்றை மட்டும் அப்போது எழுதாமல் விட்டுவிட்டேன். அது என் சொந்த விஷயம் அல்ல, தங்கையின் விஷயம். அவளைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று இருந்தது. போன வாரம் போனில் கேட்டேன். "எழுதுக்கா. யாராவது ஒருத்திக்கு உபயோகப்பட்டா சரி" என்றாள்.

தங்கை இருப்பது ஜப்பானின் தெற்குப் பகுதியில், கியூஷு என்ற தீவில், காகோஷிமா நகரத்தில். எதிரே கடலுக்கு நடுவில் சகுராஜிமா என்று ஓர் எரிமலை. அடிக்கடி புகைந்துகொண்டே இருக்கும். கோடைக்காலத்தில் காற்று ஊர்ப் பக்கம் திரும்பினால் சாம்பல் வந்து விழும். கொடியில் துணி உலர்த்துமுன் ரேடியோவில் காற்று எந்தத் திசை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்! வாசலில் கூட்டிய சாம்பலைக் கட்டி வைக்க நகராட்சியே மஞ்சள் நிறப் பை கொடுக்கிறது. நம் அம்மா உயிரோடு இருந்தால் இத்தனை சாம்பலைப் பார்த்து, பாத்திரம் தேய்க்க ஆயிற்று என்றிருப்பாள்.

அம்மா இல்லாததால்தான் நான் போனேன். ஜூலைக் கடைசியில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். ஆகஸ்டில் ஒரு நாள் வழக்கமான பரிசோதனைக்குப் போனவள், முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள். கையில் தாய்-சேய் கைப்புத்தகம். அங்கே கர்ப்பிணி ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒன்று உண்டு.

"அக்கா, என் ரத்தத்துல ஒரு வைரஸ் இருக்கலாமாம். எச்.டி.எல்.வி. ஒன்று. புத்துநோய் வர்ற வைரஸாம். பாலு வழியா கொழந்தைக்கும் போகுமாம். எனக்கு அம்மா பாலுலேர்ந்து வந்திருக்குமா அக்கா?"

எங்கள் அம்மா இவளுக்கு மூன்று வயது வரை பால் கொடுத்தவள். கடைக்குட்டி என்று செல்லம். அந்தப் பாலையா இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவளைத் தேற்றுவதா, என்னைத் தேற்றிக்கொள்வதா?

மறுநாள் நானும் அவளோடு போனேன். டாக்டர் ஒரு பெண்மணி. எடுத்த எடுப்பில் கேட்டது இதுதான்: "உங்கள் தாயார் பிறந்த ஊர் எது?" தஞ்சாவூர்ப் பக்கம் என்று தங்கை சொன்னாள். டாக்டர் சற்றுச் சிரித்தபடி, "அப்படியானால் முதல் பரிசோதனையை வைத்துக் கவலைப்படாதீர்கள். இரண்டாவது பரிசோதனை வரட்டும்" என்றார். ரத்தப் பரிசோதனைக்கும் அம்மாவின் ஊருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைத்தது, கீழ் வீட்டு அம்மாள்.

அவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். தங்கை அவரை 'ஒபாசான்' என்பாள். பாட்டி என்று அர்த்தம். அன்று மாலை எங்கள் வாசல் சாம்பலையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருந்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். இவள் அழுதுவிட்டாள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, எங்களை உள்ளே அழைத்துப் போய் டீ போட்டுக் கொடுத்து, தம் கணவர் கதையைச் சொன்னார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

2013-ல் கணவனும் மனைவியும் டோக்கியோ பக்கம் மகன் வீட்டில் இருந்தார்களாம். கணவருக்கு 71 வயது. முதுகிலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. தோல் டாக்டர் ஒருவர் களிம்பு கொடுத்தார். குறைவது போல இருந்து மறுபடி வந்தது. வேறு களிம்பு. இப்படியே மாதக் கணக்கில் ஓடியது. பிறகு கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி, வலியே கிடையாது. வலிக்காத கட்டியை யார் சட்டை செய்கிறார்கள்? அதன் பிறகு தாகம். தண்ணீர் குடித்தபடியே இருந்தார், பாத்ரூமுக்கு நடந்தபடியே இருந்தார். சர்க்கரையாக இருக்கும் என்று பார்த்தால் சர்க்கரை இல்லை. மலச்சிக்கல், சோர்வு. ஒரு நாள் பேரன் பெயரே மறந்து போய் விழித்தாராம். வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று மருமகள் சொல்ல, இவரும் நம்பிவிட்டார். "நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்த எனக்கே அது வியாதி என்று தெரியவில்லை" என்று சொல்லும்போது ஒபாசான் டீக்கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். வெள்ளை அணுக்கள் கூடியிருப்பதாக மெஷின் சொன்னது. ஏதோ தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஏதோ ஒரு கல்யாணத்துக்காகச் சொந்த ஊரான காகோஷிமாவுக்கு வந்தபோதுதான் விழுந்துவிட்டார். இங்கே இருந்த டாக்டர் தோலைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், பிறகு கேட்டார்: "உங்கள் தாயார் எங்கே பிறந்தவர்?" பக்கத்துத் தீவு ஒன்றில் என்று இவர் சொன்னதும், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் தாமே பார்த்தாராம். அதில் இருந்தது பூ.

பூ என்று நான் அழகுக்காகச் சொல்லவில்லை, சகோதரிகளே. டாக்டர்களே அதற்குப் 'பூ அணு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் டி அணு என்று ஒரு வகை. சாதாரணமாக அதன் நடுவிலுள்ள கரு உருண்டையாக, மிளகு போல இருக்கும். இந்த நோயில் கரு மடிந்து மடிந்து, இதழ் இதழாகப் பிரிந்து, நந்தியாவட்டை மாதிரித் தெரியும். எண்ணிக்கையை மெஷின் சொல்லிவிடும். இதழைப் பார்க்க, தெரிந்த கண் ஒன்று வேண்டும்.

இந்தப் பூவை வைத்துத்தான் வியாதியையே கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு அப்புறம் தெரிந்தது. 1977-ல் கியோத்தோ சர்வகலாசாலையைச் சேர்ந்த தகாத்சுகி என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் இதுவரை யாரும் சொல்லாத ஒரு ரத்தப் புற்றுநோய் என்று 16 பேரைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் பெரியவர்கள். ரத்தத்தில் இதழ் இதழான அணு. கியோத்தோ இருப்பது வேறு தீவில். ஆனால் நோயாளிகள் பிறந்த ஊரைப் பார்த்தால் 16 பேரில் 13 பேர் இந்தக் கியூஷுவில் பிறந்தவர்கள்! எந்த ஊரில் பிறந்தாய் என்ற சாதாரணக் கேள்வி. நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் முதலில் கேட்பார்களே, அதேதான். அதிலிருந்துதான், ஊரோடு ஒட்டிய ஏதோ ஒன்று, ஒருவேளை கிருமியாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது.

1980-ல் அமெரிக்காவில் காலோ என்பவரின் ஆராய்ச்சிக் குழு, டி அணுவில் வாழும் ஒரு வைரஸைக் கண்டதாக எழுதியது. 1981-ல் கியோத்தோவில் ஹினுமா என்ற டாக்டர், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருப்பதைக் காட்டினார். இரண்டும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. எச்.டி.எல்.வி. ஒன்று என்பது அதற்கு வைத்த பெயர். எய்ட்ஸ் கிருமியும் இதே பெரிய குடும்பம்தான் என்பதால் சிலர் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். நோய் வேறு, நடப்பு வேறு. அதே காகோஷிமாவில் 1986-ல் டாக்டர் ஒசாமே என்பவர், கால்கள் மெல்ல மெல்லப் பலம் குறையும் ஒரு முதுகுத்தண்டு நோயும் இதே வைரஸால் வருவதைச் சொன்னார். அது இன்னும் அபூர்வம். இங்கே அந்தக் கதை வேண்டாம்.

ஒபாசானின் கணவருக்கு என்னென்ன பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வேண்டாத கேள்வியோ என்று தங்கை தயங்கினாள். அவரோ விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அந்தக் குடும்பத்தில் அத்தனையும் மனப்பாடம்.

ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கம். புற்று அணுக்கள் சுரக்கும் ஒரு பொருள், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து ரத்தத்தில் கொட்டிவிடுகிறதாம். தாகம், மலச்சிக்கல், மறதி மூன்றும் அதனால் வந்தவை! மறதி என்று மாதக் கணக்கில் சும்மா விட்டது ஓர் ஊசியிலும் சலைன் பாட்டிலிலும் தெளிந்துவிட்டது. பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மாள் சிரித்தார்.

அடுத்து, வைரஸின் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. கழுத்துக் கட்டியில் ஒரு துண்டு, தோலில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். அணுக்களின் மேல் என்னென்ன அடையாளங்கள் ஒட்டியிருக்கின்றன என்று நிறம் ஏற்றி ஒரு மெஷினில் ஓட்டிப் பார்த்தார்கள். ஏன் இத்தனை? தோலில் தடிப்பும் ரத்தத்தில் கோணல்மாணலான டி அணுவுமாக வரும் வேறு புற்றுநோயும் இருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு. ஆள் மாறாட்டம் ஆகிவிடக்கூடாது.

கடைசிப் பரிசோதனை ஒன்றுதான் என் மனசில் அப்படியே தங்கிவிட்டது. இந்த வைரஸ் அணுவுக்குள் புகுந்து, அதன் மரபுச் சங்கிலியிலேயே ஓரிடத்தில் தன்னைத் தைத்துக்கொள்கிறது. எந்த இடத்தில் என்று கணக்கில்லை, ஓர் அணுவில் ஓர் இடம். டோபிக்குப் போட்ட துணி ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் மூலையில் ஒரு மார்க் இருக்கும். மூட்டையைப் பிரித்தால் பல மார்க் இருந்தால் பல வீட்டுத் துணி. அத்தனையிலும் ஒரே மார்க் என்றால் ஒரே வீட்டுத் துணி. அதே மாதிரிதான் இதுவும். வைரஸ் சும்மா இருக்கும் ஒருவரின் ரத்தத்தில், தையல் ஆளுக்கொரு இடத்தில் இருக்கும். அத்தனை அணுவிலும் ஒரே இடத்தில் தையல் என்றால், ஒரே ஓர் அணு கெட்டுப்போய், அதுவே பெருகிப் பெருகி இத்தனை ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் புற்றுநோய் என்று உறுதி.

கிருமி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு என்று டாக்டர்கள் பிரித்துப் பார்ப்பது இங்கேதான். இதைத் தங்கைக்கு அவர் சொன்னபோது அவள் எனக்கு மொழிபெயர்க்கவே மறந்துவிட்டாள். நான் முழங்கையால் இடித்த பிறகுதான் சொன்னாள்.

நோயிலும் நாலு தினுசாம். 1991-ல் ஜப்பான் டாக்டர்கள் பிரித்து வைத்தது. ரத்தத்தில் வேகமாகப் பரவுவது ஒன்று, ரத்தத்தில் தெரியாமல் நெறிக்கட்டிகளாகவே வளர்வது ஒன்று, நிதானமாக நடப்பது ஒன்று. நாலாவதற்கு அவர்கள் வைத்த பெயர், நம் பாஷையில் சொன்னால் நீறு பூத்த நெருப்பு. தோலில் கொஞ்சம் தடிப்பு, ரத்தத்தில் சில பூக்கள், கால்சியம் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவர்களை அங்கே உடனே மருந்து கொடுத்து வதைப்பதில்லை. அடிக்கடி கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். எதிரே எரிமலையை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இது பழக்கம்தானோ என்னவோ.

ஒபாசானின் கணவருக்கு வந்தது முதல் தினுசு. புற்றுநோய் மருந்துகள் ஏற்றினார்கள். 2012-லிருந்து அங்கே இந்த நோய்க்கென்றே ஒரு புது ஊசியும் இருக்கிறது. மொகாமுலிசுமாப் என்று வாயில் நுழையாத பெயர். அதையும் போட்டுப் பார்த்தார்கள். மற்றவருடைய எலும்பு மஜ்ஜையை மாற்றி வைத்து நீண்ட நாள் நன்றாக இருப்பவர்களும் உண்டாம். அவருடைய வயதுக்கு அது தாங்காது என்றுவிட்டார்கள். எட்டு மாதம் இருந்தார். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "பிழைத்திருப்பாரோ என்னவோ. ஆனால் அந்தத் தாகத்தோடு அத்தனை நாள் இருந்திருக்க வேண்டாம்."

பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "அவருக்குப் பிறகு எனக்கும் பார்த்தார்கள். எனக்கும் அந்த வைரஸ் இருக்கிறது. அவரிடமிருந்து வந்ததா, என் அம்மாவிடமிருந்து வந்ததா, யாருக்குத் தெரியும்? வருஷம் ஒரு தடவை ரத்தம் பார்க்கிறார்கள். பூ இல்லை. நான் தினம் சாம்பல் கூட்டுகிறேன்."

வைரஸ் உள்ள 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு ஆயுசு முழுக்க இந்தப் புற்றுநோய் வருவதில்லை. வருகிறவர்களும் பெரும்பாலும் கைக்குழந்தையாக இருந்தபோதே வைரஸ் பெற்றவர்கள். ஜப்பானில் அறுபது வயதுக்கு மேல்தான் அதிகம் வருகிறது. ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, குழந்தையைக் கொஞ்சுவதாலோ ஒட்டாது. ஒட்டும் வழிகள் மூன்று: தாம்பத்தியம், ரத்தம், தாய்ப்பால். ரத்த தானத்தில் ஜப்பான்காரர்கள் 1986 முதலே இதைப் பார்த்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

தாய்ப்பாலில் இந்த வைரஸ் தனியாக நீந்தி வருவதில்லை, பாலிலுள்ள அணுக்களுக்குள் உட்கார்ந்துகொண்டு வருகிறது. வைரஸ் உள்ள தாய் பல மாதம் பால் கொடுத்தால் 100 குழந்தைகளில் சுமார் 15 முதல் 20 பேருக்குப் போகிறது. புட்டிப்பால் கொடுத்தால் சுமார் மூன்று பேருக்குத்தான். அதே கியூஷுவிலுள்ள நாகசாகியில் 1987-லேயே கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை செய்து, வைரஸ் உள்ளவர்களுக்கு மட்டும் புட்டிப்பால் சொல்ல ஆரம்பித்தார்கள். 2011 முதல் நாடு முழுவதும். என் தங்கைக்குப் பார்த்தது அதுதான். புட்டிப்பால் மனசு ஒப்பாத தாய்மார்கள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு மூன்று மாதத்துக்குள் பாலை நிறுத்திவிடுவதும் உண்டாம்.

இதைப் படித்துவிட்டு நம்மூரில் யாராவது குழந்தைக்குப் பாலை நிறுத்தினீர்களானால் எனக்குக் கெட்ட கோபம் வரும்! இது ஜப்பானின் தெற்குப் பகுதி, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஈரானின் ஒரு பகுதி என்று சில இடங்களில் மட்டும் கூடுதலாக இருக்கிற கிருமி. தென்னிந்தியாவில் அங்கொருவர் இங்கொருவர் என்று டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பரிசோதனையில் உறுதியாகி, டாக்டரே சொன்னால் ஒழிய, நம் குழந்தைக்கு நம் பால்தான். அதே போல மலச்சிக்கல் வந்ததும் ரத்தப் புற்றுநோயோ என்று ஓடவும் வேண்டாம். ஆனால் வீட்டிலுள்ள பெரியவர் யாருக்காவது களிம்புக்கு அடங்காத தடிப்பு, வலிக்காத கழுத்துக் கட்டி, சர்க்கரை இல்லாமலே ஓயாத தாகம், திடீர்க் குழப்பம் என்று சேர்ந்து வந்தால், வயதாகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்திருக்காதீர்கள். கால்சியத்தையும் பாருங்கள், ரத்தத்தைத் தகட்டில் தேய்த்தும் பாருங்கள் என்று டாக்டரிடம் வாய் திறந்து கேட்கலாம். இரண்டும் சாதாரணப் பரிசோதனைதான். இதற்குக் காரணம் வேறு வியாதியாகவும் இருக்கும், எதுவானாலும் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

இரண்டாவது பரிசோதனை முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. முதலாவது, சந்தேகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தும் வாசல் காவலாளி மாதிரி. ஒரு நல்லவரையும் சேர்த்துப் பிடித்துவிடும். இந்த வைரஸ் அதிகம் இல்லாத ஊர்க்காரர்கள் என்றால் தப்பாகப் பிடிபடுகிறவர்களே அதிகம். தாயாரின் ஊரை டாக்டர் கேட்டதன் சூட்சுமம் இதுதான். இரண்டாவதில், வைரஸின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக ஒரு பட்டையில் கோடு விழுகிறதா என்று பார்க்கிறார்கள். அதிலும் சந்தேகம் என்றால் வைரஸின் மரபுப் பொருளையே தேடும் மூன்றாவது ஒன்றும் உண்டு.

அந்தப் பத்து நாளும் நாங்கள் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. எப்போதும் அம்மா பேச்சுத்தான் எங்களுக்கு. மாப்பிள்ளை கூட, "ஏன் ரெண்டு பேரும் உம்முனு இருக்கீங்க?" என்றார். பதினோராம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன். பட்டையில் ஒரு கோடும் இல்லை. வைரஸ் இல்லவே இல்லை.

தங்கை போனை வைத்துவிட்டு வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். வயிறு பெரிதாக இருந்ததால் ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது. "அம்மாவை அப்படிக் கேட்டுட்டேனேக்கா" என்றாள். "அம்மாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதுடி" என்றேன்.

அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா பெயரைத்தான் வைத்தார்கள். ஒபாசான் வந்து பார்த்தார். அப்போது தங்கை பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து, குழந்தை குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பிறகு கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டார். அப்படிக் கழுவத் தேவையே இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் குழந்தையை அவர் கையில் இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தேன்.